ஊற்றுக்குக் காற்றடித்தவர்

ஊற்றுப் பூங்காவில் டிக்கெட் கிழிப்பவரிலிருந்து நகராட்சியின் பெரிய அதிகாரிவரை எல்லாருக்கும் அவர் மாப்பிள்ளைதான். பெண்ணைக் கொடுத்தவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. மாப்பிள்ளைக்கே தலை நரைத்து, முழங்கால் தேய்ந்து, கண்ணாடி இல்லாமல் தன் செருப்பைத் தானே அடையாளம் காண முடியாத வயது வந்துவிட்டது. ஆனாலும் பூங்காவின் கடைசிச் சொந்தக்காரர் ஊரறிய ‘மாப்பிள்ளை, மாப்பிள்ளை’ என்று கூப்பிட்டுப் பழக்கிவிட்டுப் போன பெயர், இனி உரித்தாலும் வராது.

சம்பளப் பட்டியலில் அவர் தோட்டப் பராமரிப்பாளர். அவர் பராமரித்த செடி எது என்று கேட்டால் பூங்காவில் ஒருவரும் கைகாட்ட மாட்டார்கள். காலையில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். ஊற்றுக்குப் பின்னால், புதர் மண்டிய மூலையில் இருக்கும் கருவிக் கொட்டகைக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். சாயங்காலம் வியர்த்து விறுவிறுத்து வெளியே வருவார். மண்வெட்டியில் மருந்துக்குக்கூட மண் இருக்காது. உள்ளே தூங்குகிறார் என்று மற்றவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். தூங்குகிற மனுஷனுக்கு இப்படி வியர்க்குமா என்று யோசிக்கும் அளவுக்கு யாருக்கும் அவர்மேல் அக்கறை கிடையாது.

உள்ளே அவர் செய்த வேலை உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும் என்று அவர் நம்பினார். ஒருவர் அவர். இன்னொருவர் மாமனார், அவர் வந்து வாய் திறக்கப் போவதில்லை.

கொட்டகைக்கு ஊற்றின் பக்கம் ஜன்னல் இல்லை. இருந்த ஜன்னலை மாமனார் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். ஆனால் சத்தம் நன்றாகக் கேட்கும். பூங்காவின் வழிகாட்டி வேறு யாருமில்லை, மாப்பிள்ளையின் மனைவிதான். அவள் ஒவ்வொரு கூட்டத்தையும் ஊற்றின் மேலே இருக்கும் பலகைப் பாலத்தில் நிறுத்தி வைத்துப் பூங்காவின் சரித்திரத்தைச் சொல்வாள். மாப்பிள்ளைக்கு அது வரிக்கு வரி மனப்பாடம்.

“இந்த எடத்துக்கு மொதல் சொந்தக்காரர் ஒரு வைத்தியர். இந்தத் தண்ணியில குளிச்சா சொறி சிரங்கெல்லாம் போயிடும்னு சொன்னார். நாலா பக்கத்துலேர்ந்தும் ஆளுங்க அவங்கவங்க சொறியோட வந்து ஒரே குளத்துல எறங்கினாங்க. போறப்ப ஒவ்வொருத்தரும் பக்கத்து ஆளோட சொறியையும் சேர்த்து எடுத்துட்டுப் போனாங்க. அவங்கள்லாம் திரும்பி வர்றதுக்குள்ள வைத்தியர் எடத்தை வித்துட்டுக் கம்பி நீட்டிட்டார்.”

கூட்டம் சிரிக்கும். சிரிப்பு அடங்கும்வரை அவள் காத்திருப்பாள். அந்த நிதானம் அவளுக்கு அப்பா வழியில் வந்தது.

“ரெண்டாவது ஆள் சோடாக்காரர். ஊத்துத் தண்ணியை அப்படியே பாட்டில்ல புடிச்சு மூடி வித்தார். வேற ஒண்ணும் சேக்க வேண்டியதில்ல, லாபம்தான்னு கணக்குப் போட்டார். கிடங்குல அடுக்கி வச்ச பாட்டிலெல்லாம் ஒண்ணொண்ணா வெடிக்க ஆரம்பிச்சுது. கடைசியில அவர் கிடங்குக்குள்ள போறதுன்னா தலையில அண்டாவைக் கவுத்துக்கிட்டுத்தான் போவார். அண்டாவுல ஓட்டை விழுந்த அன்னிக்கு எடத்தை எங்க அப்பாகிட்ட வித்துட்டார்.”

இதற்குப் பிறகு அவள் குரல் கொஞ்சம் கனிந்துவிடும்.

“மூணாவது எங்க அப்பா. நாடகக் கம்பெனியில மேடை வேலை பார்த்தவர். இடி, மின்னல், புகை எல்லாம் அவர் கைவேலை. இங்க வந்து சும்மா உக்காந்திருந்தப்ப கொசு அடிக்கறதுக்காகக் கையைத் தட்டினார். ஊத்து பதில் சொல்லுச்சு. வைத்தியருக்குப் பேசல, சோடாக்காரருக்குப் பேசல, எங்க அப்பாவுக்குத்தான் பேசுச்சு. இப்ப நீங்களும் தட்டுங்க பார்ப்போம். இன்னும் பலமா.”

கைதட்டல் எழும். அப்போதுதான் மாப்பிள்ளையின் வேலை ஆரம்பம். கொட்டகையின் நடுவில் ஒரு பழைய துருத்தி. ஒரு காலத்தில் மேடையில் புகை விட்டது. அதன் வாயிலிருந்து ஓர் இரும்புக் குழாய் தரைக்குள் இறங்கி மறையும். மேலே கிடக்கும் கட்டை மிதியை அவர் கால் மாற்றிக் கால் மாற்றி மிதிப்பார். வெளியே ‘ஆ’ என்று கூட்டம் வாய்பிளக்கும். குமிழி வந்துவிட்டது என்று அர்த்தம். மாப்பிள்ளை நெற்றியைத் துடைத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குக் காத்திருப்பார்.

இந்த வேலைக்கு அவர் வந்த கதை பெரிய கதை. கல்யாணமான புதிதில் குடைக்கடை வைத்தார். அந்த வருஷம் மழை பெய்யவில்லை. குடைகளைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு ஐஸ் கடை போட்டார். கடை திறந்த அன்று பிடித்த மழை விடவே இல்லை. மூன்றாவதாக எதையாவது ஆரம்பித்தால் பூகம்பம் வந்துவிடுமோ என்று பயந்தாரோ என்னவோ, மாமனார் அவரை மகளோடு தன் வீட்டுக்கே அழைத்துக்கொண்டார். வீட்டோடு மாப்பிள்ளை என்றால் சும்மாவா? சாப்பிட உட்கார்ந்தால் குனிந்த தலை நிமிராது. இரண்டாம் தடவை சோறு கேட்க வாய் வராது. ஒரு நாள் மாமனார் அவரைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

“மாப்ள, இதை என் பொண்ணுகிட்டகூட சொன்னதில்ல. ஊத்துல குமிழி எப்படி வருதுன்னு நினைக்கறீங்க?”

“கை தட்டினா வரும், மாமா.”

“கை தட்டினா கொசு சாகும். குமிழி எப்படி வரும்?”

மாமனார் துருத்தியைக் காட்டினார். வாழ்நாள் முழுக்கத் தகரத்தைத் தட்டி இடி இடிக்க வைத்தவர் ஊற்றையும் பேச வைத்திருக்கிறார் என்பதில் மாப்பிள்ளைக்கு ஒரு துளி சந்தேகமும் எழவில்லை.

“கைதட்டல் கேட்ட உடனே மிதிச்சுடாதீங்க. ஒரு மூச்சு விடற நேரம் பொறுங்க. ஊத்து யோசிச்சுட்டுப் பதில் சொல்ற மாதிரி இருக்கணும். எனக்கும் வயசாச்சு, கால் ஓயுது. இனிமே நீங்க மிதிச்சாத்தான் இந்தப் பூங்கா. உங்களை நம்பித்தான் இந்தக் குடும்பமே இருக்கு.”

அவரை நம்பி எதுவும் இருப்பதாக அதுவரை யாரும் சொன்னது கிடையாது. மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்குச் சாப்பாட்டில் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினார். மூன்றாம் தடவையும் கேட்டார்.

பிறகு மாமனார் காலமானார். பூங்கா நகராட்சியின் கைக்குப் போனது. மகளுக்கு வழிகாட்டி வேலை, மாப்பிள்ளைக்குத் தோட்ட வேலை, பூங்காவின் மதிலை ஒட்டிய பழைய வீட்டில் குடியிருக்க அனுமதி என்று பேச்சுவார்த்தையில் முடிந்தது. வீட்டின் பின்கட்டில் மாமனார் ஆசையாக வளர்த்த மீன்களின் சிமெண்ட் தொட்டியும் கூடவே வந்தது. அதிலே வில்லன் என்று மாமனார் பெயர் வைத்த ஒரு கிழட்டு மீன், கறுப்பு மீசையும் முறைத்த பார்வையுமாக எல்லாரையும் மிரட்டிக்கொண்டிருக்கும். மனைவிக்கு அந்த மீன்கள் என்றால் உயிர். மாப்பிள்ளைக்கு அவற்றைக் கண்டால் ஆகாது. பூங்காவுக்கு விடுமுறை விடும் நாட்களில் அவர் அப்பாடா என்று காலை நீட்டுவார். மனைவி தொட்டியை எட்டிப்பார்த்துவிட்டு வந்து, “சும்மாதானே இருக்கீங்க, கொட்டகை வரைக்கும் போய் ஒரு பார்வை பார்த்துட்டு வாங்களேன்” என்று விரட்டுவாள். போனால் கை சும்மா இருக்குமா, கால்தான் சும்மா இருக்குமா? துருத்தி இறுகிவிடக் கூடாதே என்று கொஞ்ச நேரம் மிதித்துவிட்டு வருவார்.

மிதி கனம் என்றால் அப்படிக் கனம். முழங்கால் ஒவ்வொரு மிதிக்கும் முணுமுணுக்கும். ‘இந்த மிதியோட கனம் எவனுக்குத் தெரியும்’ என்று அவர் மனசுக்குள் அங்கலாய்க்காத நாள் கிடையாது. ஆனால் அதே அங்கலாய்ப்பில் ஒரு ருசியும் இருந்தது. மனைவி அப்பா புராணம் பாடும்போது அவர் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார். காய்கறி முற்றல் என்று அவள் திட்டினால் ஒரு மகாராஜாவின் பெருந்தன்மையோடு மன்னிப்பார். திட்டு தாயே, உன் அப்பா பேரே என் காலடியில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

ஒரு தடவை கடும் காய்ச்சலில் அவர் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். காய்ச்சல் விட்டதும் பயந்துகொண்டே பூங்கா நிலவரத்தை விசாரித்தார். “என்னமோ தெரியலீங்க, நீங்க படுத்தீங்க, ஊத்தும் படுத்துடுச்சு. ஒரு குமிழி வரணுமே, ம்ஹூம்” என்றாள் மனைவி. பாவம், சூது வாது தெரியாதவள் என்று அவர் உருகிப்போனார். அவளுக்காகவாவது சாகும்வரை மிதிக்க வேண்டும் என்று சபதம் எடுத்துக்கொண்டார்.

சில்லறைச் சந்தேகங்கள் வராமல் இல்லை. சில நாள் அவர் காலைத் தூக்குவதற்குள்ளேயே வெளியே ‘ஆ’ கேட்டுவிடும். குழாயில் மிச்சமிருந்த காற்று என்று சமாதானம் சொல்லிக்கொள்வார். சில நாள் மூச்சு முட்ட மிதித்தும் நெடுநேரம் ‘ஆ’ வராது. வெளியே மனைவி, “இன்னும் பலமா, இன்னும் பலமா” என்று கூட்டத்தை விரட்டிக்கொண்டிருப்பாள். குழாயில் அடைப்பு என்று இன்னும் ஓங்கி மிதிப்பார். மிதித்துக்கொண்டே போய்ப் பார்க்கவும் முடியாது, பார்த்துக்கொண்டே மிதிக்கவும் முடியாது. எனவே அவர் தன் குமிழிகளில் ஒன்றைக்கூடக் கண்ணால் கண்டதில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில் கல்லைப் போட்டது ஒரு நிஜமான கல்தான். பூங்காவின் வாசலில் சரித்திரக் கல்வெட்டு வைக்க நகராட்சி முடிவு செய்தது. முன்னாள் உரிமையாளர்கள் மூன்று பேரின் விவரமும் அதில் வரும். மாமனாரின் பேருக்குக் கீழே ‘கைதட்டினால் பேசும் ஊற்றைக் கண்டறிந்தவர்’ என்று செதுக்கியாகிவிட்டது. மனைவி தினமும் வேலைக்குப் போகும் வழியில் அந்தக் கல்லைத் தொட்டுத் துடைத்துவிட்டுப் போனாள். அதை நட்டு நிறுத்துவதற்கு முன்னால் ஒரே ஒரு சடங்கு பாக்கி. ஊற்று இயற்கையானதுதானா என்று ஆய்வாளர் ஒருவர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

கேட்டதும் மாப்பிள்ளை கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆய்வாளர் என்றால் சும்மா பார்த்துவிட்டுப் போகிற ஆளா? மூலை முடுக்கெல்லாம் மூக்கை நுழைப்பாரே. கொட்டகை மாட்டினால் துருத்தி மாட்டும், துருத்தி மாட்டினால் மாமனார் மாட்டுவார். செதுக்கிய பேரை ஊரே பார்க்க உளியால் கொத்தி எடுப்பார்கள். அவள் அந்த வாசல் வழியாக எப்படி வேலைக்கு வந்துபோவாள்?

அதனால் வாழ்க்கையில் முதல்முறையாக அவர் தோட்ட வேலை செய்தார். பூங்காவில் இருந்த பூந்தொட்டிகளையெல்லாம் சுமந்து வந்து கொட்டகைக் கதவை மறைத்து அடுக்கினார். தான் நுழைய மட்டும் ஒரு சந்து விட்டுக்கொண்டார். துருத்திக்கு எண்ணெய் போட்டார். ஆய்வாளர் கைதட்டும்போது உள்ளே இருந்து ஒரே ஒரு தடவை, உயிரைக் கொடுத்து மிதித்துவிட வேண்டும். அப்புறம் முழங்கால் போனாலும் கவலையில்லை.

அந்த நாள் வந்தது. மாப்பிள்ளை மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைப் பக்கம் நழுவும்போது பூங்கா மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். மேற்பார்வையாளர் நல்ல பருமன். அவர் வழியில் நின்றால் சுற்றிக்கொண்டு போவதற்கே நேரம் பிடிக்கும்.

“எங்க மாப்ள? இன்னிக்கு எல்லா ஸ்டாஃபும் யூனிஃபார்ம்ல ஊத்துப் பக்கம் வரிசையா நிக்கணும். ஆர்டர்.”

“எனக்கு வயித்தை வலிக்குது சார்.”

“வரிசையில நின்னே வலிக்கட்டும்.”

“செடிக்குத் தண்ணி விடணும்.”

“இத்தனை வருஷமா விடாத தண்ணி, இன்னிக்கு ஒரு நாள் விடலைன்னா காய்ஞ்சுடாது.”

சட்டைக் காலரைப் பிடிக்காத குறையாக அவரை இழுத்துப்போய் வரிசையில் நிறுத்திவிட்டார்கள். கொட்டகை எதிரே தெரிந்தது. உள்ளே துருத்தி ஆளில்லாமல் கிடந்தது.

ஆய்வாளர் ஓர் இளம்பெண். கையில் கண்ணாடிக் குழாய்கள் நிறைந்த பெட்டியோடு பலகைப் பாலத்தில் நின்று மனைவி சொன்ன சரித்திரத்தை ரசித்துக் கேட்டாள். சொறிக்குச் சிரித்தாள். அண்டாவுக்கு இன்னும் பலமாகச் சிரித்தாள். மனைவி அன்றைக்கு நல்ல புடவை உடுத்தி, முகமெல்லாம் பூரிப்பாக இருந்தாள். “மூணாவது எங்க அப்பா” என்று அவள் ஆரம்பித்தபோது மாப்பிள்ளையின் கண் கொட்டகைப் பக்கம் போனது. இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லாரும் கைதட்டுவார்கள். ஊற்று கம்மென்று கிடக்கும். அவள் ‘இன்னும் பலமா’ என்பாள். அப்போதும் கம்மென்று கிடக்கும். அதை மட்டும் அவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

“இப்ப தட்டிப் பார்க்கலாமா?” என்று ஆய்வாளர் கையைத் தூக்கினாள்.

“தட்டாதீங்க மேடம்.”

வரிசையிலிருந்து மாப்பிள்ளை முன்னால் வந்தார்.

“இந்த ஊத்து பேசாது. பேச வைக்கறது நான். அந்தக் கொட்டகையில துருத்தி வச்சிருக்கேன், குழாய் வழியா காத்து அடிப்பேன். மாமனாருக்கு இது ஒண்ணும் தெரியாது. அவர் நெஜம்னு நம்பிட்டே போய்ச் சேர்ந்துட்டார். என் பொண்டாட்டிக்கும் தெரியாது. எல்லாம் என் புத்தி. கல்லுல அவர் பேர் அப்படியே இருக்கட்டும். என்னை வேணும்னா வேலையைவிட்டு எடுத்துடுங்க.”

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆனால் முதலில் சுதாரித்துக்கொண்டவர் மேற்பார்வையாளர்தான். நகராட்சியின் மானம் கப்பலேறுகிறதே என்ற ஆத்திரத்தில் அவர், “என்ன மாப்ள இது” என்று கத்திக்கொண்டே பலகைப் பாலத்தில் காலை ஓங்கி மிதித்தார். பாலம் அதிர்ந்தது.

ஊற்றிலிருந்து கொப்புளம் கொப்புளமாகக் குமிழி கிளம்பியது.

மாப்பிள்ளை தண்ணீரைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார். இரண்டு காலும் தரையில்தான் இருந்தன.

“அது… குழாய்ல மிச்சம் இருந்த காத்து” என்றார்.

ஆய்வாளர் மெதுவாகப் பேசினாள். “ஐயா, சோடாக்காரர் பாட்டிலெல்லாம் வெடிச்சுதுன்னு அம்மா இப்பத்தானே சொன்னாங்க. இந்தத் தண்ணியிலயே வாயு இருக்கு. அடியில சேத்துல சேர்ந்து, நெறைஞ்சதும் தானா வெளிய வரும். மேல ஆள் நடந்தா, குதிச்சா சீக்கிரம் வரும். வர்ற வரைக்கும் விடாம கை தட்டினா, தட்டினதுக்குத்தான் வந்துச்சுன்னு தோணும்.”

சோடாக்காரர் கதையைத் தினமும் காதால் கேட்டவர் அவர்தான். ஒரு நாளாவது மூளை அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. இப்போதும் அவர் விடுவதாக இல்லை. “நான் மிதிச்சுக் காட்டறேன் மேடம். நீங்களே பாருங்க.”

“வேண்டாங்க” என்றாள் மனைவி. “அவருக்கு முழங்கால் வலி மேடம். விடுங்க.”

மாப்பிள்ளை பூந்தொட்டிகளை விலக்கிக்கொண்டு கொட்டகைக்குள் பாய்ந்தார். இத்தனை வருஷ மிதியையும் ஒரே மிதியில் காட்டிவிடுவதுபோல மிதித்தார். மூச்சு இரைக்க இரைக்க, “வந்துதா?” என்று கத்தினார். பதில் இல்லை. இன்னும் ஓங்கி மிதித்தார். “இப்ப வந்துதா?”

ஊற்று அசையாமல் கிடந்தது. ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கம் பெரிய பானை கொதிப்பது மாதிரி ஒரு சத்தம். மேற்பார்வையாளர் மதில்மேல் எட்டிப்பார்த்தார்.

“மாப்ள, உங்க வீட்டுப் பின்கட்டுல என்னமோ கொதிக்குது.”

எல்லாரும் மதிலின் சின்னக் கதவு வழியாகப் பின்கட்டுக்கு ஓடினார்கள். மாப்பிள்ளையும் பின்னாலேயே போனார். அவர் போய்ச் சேர்ந்தபோது தொட்டி அடங்கிக் கிடந்தது. மிதிக்க ஆள் வேண்டுமே. மேற்பார்வையாளர் தானே கொட்டகைக்குத் திரும்பிப் போய் மிதியில் ஏறினார். சிமெண்ட் தொட்டியின் அடியிலிருந்து குமிழிகள் கொத்துக்கொத்தாக மேலே வந்தன. மீன்களெல்லாம் அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தன. நடுநாயகமாக வில்லன், மீசையை ஆட்டிக்கொண்டு நின்றது. அப்படித்தான் மாப்பிள்ளை தன் குமிழிகளை முதன்முதலாகப் பார்த்தார்.

யாரோ ‘க்ளுக்’ என்று சிரித்தார்கள். அதன்பிறகு டிக்கெட் கிழிப்பவர் சிரித்தார், கூட்டுகிறவர்கள் சிரித்தார்கள், நகராட்சியின் பெரிய அதிகாரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு குலுங்கினார். வியர்த்து வழிந்தபடி திரும்பி வந்த மேற்பார்வையாளர் மட்டும் சிரிக்கவில்லை. “இவர் மீனுக்குக் காத்து போடறதுக்கா நகராட்சி இத்தனை நாளா சம்பளம் குடுத்துச்சு?” என்று ஆய்வாளரைப் பார்த்துக் கேட்டார்.

“நான் ஊத்தை ஆய்வு பண்ணத்தான் வந்தேன். மீனைப் பத்தி என்னை யாரும் கேக்கல” என்றாள் அவள். ஊற்று இயற்கையானதுதான், கல்லைத் தாராளமாக நடலாம் என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளைக்குத் தனியாக ஒரு வணக்கமும் வைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் மாப்பிள்ளை தொட்டியின் படியில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது அவரைப் பார்க்க. மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை.

“உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?”

“மொதல்லேர்ந்தே. குழாய் பதிச்சப்ப நான்தானே விளக்குப் புடிச்சேன்.”

“உங்க அப்பா என்னை நல்லா முட்டாளாக்கிட்டார்.”

“அப்படிச் சொல்லாதீங்க.” அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “ஐஸ் கடையை மூடிட்டு வந்தப்ப நீங்க எப்படி இருந்தீங்கன்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சுவத்தோரமாவே நடப்பீங்க. யாராவது கூப்பிட்டா திடுக்கிடுவீங்க. அப்பாவுக்கு மனசு கேக்கல. மீனுக்கு ஒரு மோட்டார் வாங்கிடலாம்னு நான்தான் சொன்னேன். மோட்டாருக்கு மரியாதை தேவையில்ல, மாப்பிள்ளைக்குத் தேவைன்னார்.”

அன்றைக்கு மூன்றாம் தடவை கேட்டு வாங்கித் தின்ற சோறு மாப்பிள்ளைக்கு ஞாபகம் வந்தது. மாமனார்மேல் கோபப்பட வேண்டும் என்று தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. வெட்கம்தான் கிடைத்தது, கூடவே அந்த மனுஷன் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம் என்ற ஏக்கமும்.

“அவர் போனப்புறமாவது நீ சொல்லியிருக்கலாம்.”

“எப்படிச் சொல்றது? தினமும் ஜெயிச்சுட்டு வர்ற மாதிரி வீட்டுக்கு வருவீங்க.” அவள் டீயை அவர் பக்கம் நகர்த்தினாள். “இன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி பழியையெல்லாம் தூக்கி உங்க தலைமேல போட்டுக்கிட்டீங்களே. அது எங்க அப்பா எழுதின நாடகத்துல இல்லீங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டியும் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. இருந்தாலும் உள்ளே ஒரு முள் பாக்கி இருந்தது. அதையும் எடுத்துப் போட்டுவிட வேண்டும்.

“எல்லாம் சரி. அந்த மிதியோட கனம் என்னன்னு உனக்குத் தெரியுமா? மீனுக்கோ ஊத்துக்கோ, மிதிச்சவன் நான். கால் போனது எனக்கு.”

“தெரியுமே. இடது கால்ல ஆரம்பிச்சா முழங்கால் புடிச்சுக்கும். வலது கால்லதான் ஆரம்பிக்கணும். பாதிவரைக்கும் எறங்கினதும் கட்டை ஒரு தடவை முரண்டு புடிக்கும், அங்க இடுப்பைக் குடுத்து அழுத்தணும்.”

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க காய்ச்சல்ல கெடந்தப்ப யார் மிதிச்சாங்கன்னு நினைச்சீங்க? அப்பாவா எழுந்து வந்தார்? ஒரு கூட்டத்தைக் காட்டி அனுப்பிட்டு ஓடி வந்து மிதிப்பேன், மறுபடி புடவையைச் சரிபண்ணிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போவேன்.”

தொட்டியில் வில்லன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. களேபரத்தில் மத்தியானத்திலிருந்து யாரும் மிதிக்கவில்லை. மாப்பிள்ளை பழக்கதோஷத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“நீங்க உக்காருங்க” என்று அவர் தோளை அழுத்திவிட்டு அவள் மதில் கதவைத் தாண்டிப் போனாள். கொட்டகையின் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

மாப்பிள்ளை ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தார். தொட்டி அசையாமல் இருந்தது. எதற்காகக் காத்திருக்கிறாள் என்று முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. சுற்றுமுற்றும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, கொஞ்சம் கூச்சத்தோடு, அவர் கையைத் தட்டினார்.

ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் குமிழிகள் வந்தன.